பந்தியும் எண்ணிக்கையும்: ஓமந்தையில் நின்று ஈழத்துக் கிறித்தவத்தை நோக்கல்

தமிழிற் கிறித்தவம் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக ஒரு கணக்கேட்டு முறையையே பின்பற்றி வந்துள்ளன. எத்தனை அகராதிகள் தொகுக்கப்பட்டன, எத்தனை இலக்கண நூல்கள் எழுதப்பட்டன, எந்தப் பாதிரியார் எங்கே அச்சகம் நிறுவினார் என்பனவே அவற்றின் வினாக்கள். மயிலை சீனி. வேங்கடசாமி 1936இல் ‘கிறிஸ்தவமும் தமிழும்’ என்ற நூலை வெளியிட்டபோது அத்தகைய தொகுப்பொன்றுக்கு உண்மையான தேவை இருந்தது. பின்வந்தோர் பலர் அந்நூல் எழுப்பிய வினாவையே மீட்டும் எழுப்பி, விடையாக வரும் பட்டியலை மட்டும் நீட்டிச் சென்றனர். ‘கிறித்தவர் தமிழ்த்தொண்டு’ என்ற தொடரே இம்முறையின் குறைபாட்டைக் காட்டிக் கொடுக்கின்றது. தொண்டு என்று சொன்னவுடன் கொடுப்பதாக மதமும் பெறுவதாக மொழியும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. அம்மதத்தைத் தழுவி, அம்மொழியைப் பேசி, வயலிலும் கடலிலும் உழைத்த மக்கள் அச்சித்திரத்தில் இடம்பெறுவதில்லை. அவர்கள் எவரோடு ஒரே பந்தியில் அமர்ந்தார்கள், எவரைத் தம் பந்தியில் அமரவிட மறுத்தார்கள் என்ற வினா எழுவதுமில்லை. சாதியாலும் மொழியாலும் பிரதேசத்தாலும் பிளவுண்ட ஒரு சமுதாயத்திற் கிறித்தவ நம்பிக்கை எவ்வாறு வாழப்பட்டது என்பதை அறிய அவ்வினாவைவிடச் சிறந்த உரைகல் எமக்குத் தென்படவில்லை.

இதனை யாழ்ப்பாணத்தில் நின்று கேட்பதற்கும் வன்னியில் நின்று கேட்பதற்கும் வேறுபாடுண்டு. வவுனியா நகருக்கு வடக்கே, கண்டி வீதியில் அமைந்த ஓமந்தை வயல்களும் குளங்களும் காடும் சூழ்ந்த விவசாயப் பிரதேசம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கும் இடைப்பட்ட வாயிலாக அதன் பெயர் பரவலாக அறியப்பட்டது. 2009இல் போர்க்களத்திலிருந்து வெளியேறிய மக்களுட் பெருந்தொகையினர் இங்கு வைத்தே எண்ணப்பட்டும் பிரிக்கப்பட்டும் செட்டிகுளத்து முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 2011இற் புகையிரதம் மீண்டும் ஓமந்தை வரை வந்தது. 2015இற் சோதனைச்சாவடி அகற்றப்பட்டது. இப்பிரதேசத்தையும் இதனைச் சூழ்ந்த வன்னியையும் நோக்குமிடத்து, பழைய வன்னிக் குடிகளும், குடியேற்றத் திட்டங்கள்வழி வந்த யாழ்ப்பாணத்தாரும், இனவன்செயல்களால் துரத்தப்பட்டு வந்த மலையகத் தமிழரும் ஒரே வீதியின் இருமருங்கும் வாழக் காண்கிறோம். சைவரும் கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இம்மூன்று பிரிவுகளின் ஊடாகவும் விரவியுள்ளனர். யாழ்ப்பாணத்துத் தேவாலயத்தின் வாங்குகளை மட்டும் கண்டு எழுதப்பட்ட சமய வரலாற்றுக்கு இக்கலப்பு எளிதிற் பிடிபடுவதன்று.

எனினும் கதை வாங்கிலிருந்துதான் தொடங்குகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் உத்தியோகத்திற்கும் உரிமைக்கும் உரிய அடையாளமாக இருந்தமையாற் பலர் பதிவேட்டிற் கிறித்தவராகவும் வீட்டிற் சைவராகவும் வாழ்ந்தனர் என்பது நன்கறியப்பட்ட செய்தி. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் அத்தகைய பெயரளவுக் கிறித்தவத்தை ஏற்க மறுத்தனர், மனமாற்றத்தையே வேண்டினர். ஆயினும் அவர்களது விடுதிப் பாடசாலைகளில் முதலில் எழுந்த சச்சரவுகளுள் ஒன்று வேதத்தைப் பற்றியதாக அமையாமல், சோறு எங்கே, யார் கையாற் சமைக்கப்படுவது என்பதைப் பற்றியதாகவே அமைந்தது. 1823 முதல் 1855 வரை இயங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி வானசாஸ்திரமும் கணிதமும் கற்பித்தது. கோளங்களின் இயக்கம் பற்றிப் பழைய நம்பிக்கைகளை அசைத்தது. அடுப்பங்கரையை அது அசைத்ததாகச் சொல்ல முடியாது. நூறாண்டுகளுக்குப் பின்னர், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமமான இருக்கை வழங்கப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது பாடசாலைகள் தீக்கிரையாயின. ‘சம ஆசனம், சம போசனம்’ என்ற கோரிக்கையை அக்காலத்தில் உரத்து எழுப்பியோருள் 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிய வாலிபர் இயக்கத்தினர் முதன்மையானோர். அதன் மூலவரான ஹன்டி பேரின்பநாயகம் கிறித்தவர். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். ஆனால் அவர் அக்கோரிக்கையைத் திருச்சபையின் மேடையினின்று எழுப்பாமல், காந்தியத்தாலும் தேசிய உணர்வாலும் உரம் பெற்ற, சைவரும் கிறித்தவரும் கலந்த ஒரு மதச்சார்பற்ற மேடையினின்றே எழுப்பினார். நம்பிக்கை அதன் நிறுவனத்திற்கு வெளியே சென்றே செயற்பட வேண்டியிருந்தது என்ற இவ்வுண்மை கீழே பிறிதோரிடத்திலும் எம்மை எதிர்கொள்ளும்.

இலக்கியம் இவற்றை எவ்வாறு பதிவு செய்தது? மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இல் வெளிவந்தது. சங்கீதப் புத்தகத்தின் சொல்வழி வந்த தலைப்பு அது. ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் நாவல் எனப் போற்றப்படும் இந்நூல், வசதி படைத்த கிறித்தவக் குடும்பமொன்றினுள் ஒரு பெண் படும் துயரையும் பொருளாசை திருமணத்தைக் குலைக்கும் விதத்தையும் காட்டுவது. ஞானஸ்நானம் பெற்ற வீட்டிற் சீதனம் ஞானஸ்நானம் பெறாமலே நுழைந்துவிட்டதை அம்மையார் கண்டார். கண்டதை எழுதும் துணிவும் அவருக்கு இருந்தது. அவ்வீட்டின் படலைக்கு வெளியே நின்றவர்களை அந்நாவலின் உலகம் உள்ளடக்கவில்லை. இதனைக் குற்றச்சாட்டாக நாம் கூறவில்லை. ஓர் எழுத்தாளர் தாம் நிற்கும் இடத்திலிருந்தே காண்கின்றார்; படலைக்கு வெளியே நின்று எழுதுவோர் வரும்வரை அக்காட்சி தமிழ் நாவலுக்கு வாய்க்கவில்லை.

அவ்வாறு வந்தவர்களுள் இருவர் பெயர்கள் எம் கவனத்திற்குரியன: டானியல், டொமினிக். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து எழுந்து முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் தூண்களாக நின்ற இருவரும் கிறித்தவப் பெயர் தாங்கியவர்கள். இருவரும் மார்க்சியத்தைத் தம் பாதையாகக் கொண்டவர்கள். டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி அரை நூற்றாண்டை எட்டுமளவுக்கு அதனை நடத்தினார். கே. டானியல் ‘பஞ்சமர்’ (1972) தொடங்கிச் சாதியத்தின் வரலாற்றை நாவல் வரிசையாக எழுதினார். அவ்வரிசையில் 1986இல், அவர் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்த ‘கானல்’ எமது பொருளுக்கு நேரடியாக உரியது. சாதிக் கொடுமையினின்று விடுதலை பெறலாம் என்ற நம்பிக்கையிற் கத்தோலிக்கத்தைத் தழுவும் ஒடுக்கப்பட்ட மக்கள், தழுவிய இடத்திலும் அதே சாதியை எதிர்கொள்வதே அதன் கரு. தலைப்பே நாவலின் தீர்ப்பு: தாகத்தோடு ஓடியவனுக்குத் தெரிந்தது நீர் அன்று, கானல்.

‘கானல்’ எழுப்பும் சிக்கலின் தனித்தன்மையை உணர அதனை அறுபதுகளின் ஆலயப் பிரவேசப் போராட்டங்களோடு ஒப்பிட வேண்டும். டானியலே முன்னின்ற தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும் பிறரும் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நுழைவுரிமை கோரினர். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் 1968இல் நடந்த சத்தியாக்கிரகம் அதன் உச்சங்களுள் ஒன்று. அங்கு எதிரி தெளிவாக நின்றான்: மூடிய கதவு, அதனைக் காத்து நின்ற மனிதர், தீண்டாமையைத் தண்டிக்கத்தக்க குற்றமாக்கிய 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறிய செயல். தேவாலயத்தின் கதவோ திறந்தே கிடந்தது. எவரும் நுழையலாம், முழந்தாளிடலாம். நுழைந்தபின் எந்த வாங்கில் அமர்வது, திருவிழாவில் எவர் தேரைத் தொடுவது, பங்குச் சபையில் எவர் பேசுவது, எவர் மகளை எவர் மகனுக்குக் கேட்பது என்பவற்றிலேயே சாதி குடிகொண்டிருந்தது. மூடிய கதவின்முன் மறியல் செய்யலாம். திறந்த கதவின்முன் எவ்வாறு மறியல் செய்வது? சட்டத்தின் பிடிக்கும் கோஷத்தின் பிடிக்கும் அகப்படாத இந்நுண்ணிய விலக்கலைச் சொல்ல நாவலே ஏற்ற வடிவம் என்பதை டானியல் உணர்ந்திருந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

டானியலின் நாவல்களிற் கலைத்துவம் குறைவு, அவை செய்தித் தொகுப்புக்களாகவே நின்றுவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு பழையது. சலிப்பூட்டுமளவுக்குத் திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. அவரது நாவல்களிற் சம்பவங்கள் அடுக்கப்படுவதும் பாத்திரங்கள் பெருகுவதும் உண்மை. ஆயின் எழுதப்பட்ட வரலாறு மறுக்கப்பட்ட சமூகத்தினரின் நினைவு அவ்வாறுதான் இயங்கும். பேச்சுமொழியில், கிளைகிளையாக, ஒருவர் பெயரைச் சொல்லும்போது அவர் தகப்பன் பெயரையும் அவர் மரமேறிய பனங்காணியின் பெயரையும் சேர்த்தே அது சொல்லும். எமது தயக்கம் வேறிடத்தில் உள்ளது. மதமாற்றத்தைக் கானலாக மட்டும் காணும்போது, மாறியவர்கள் தம் முயற்சியால் அங்கிருந்து எடுத்துக்கொண்டவை மறைந்துவிடுகின்றன. எழுத்தறிவு, குலத்தொழிலைச் சுட்டாத ஒரு பெயர், ஊருக்கு அப்பால் ஓர் உலகம் உண்டென்ற உணர்வு ஆகியவற்றைத் திருச்சபை தானமாக வழங்கியது என்பதைவிட, மக்கள் அதனிடமிருந்து பறித்துக்கொண்டார்கள் என்பதே பொருந்தும். தமிழ்நாட்டிற் பாமாவின் ‘கருக்கு’ (1992) இவ்விரண்டையும் ஒருங்கே காட்டுகின்றது. கன்னியர் மடத்திற் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய ஒரு பெண்ணின் சுயவரலாறாகிய அந்நூல் நிறுவனத்தை மன்னிக்கவில்லை. ஆனால் நசரேயனாகிய இயேசுவை நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிடவும் இல்லை. டானியல் ஒரே மூச்சில் இரண்டையும் கைவிட்டார். அவரது அரசியல் அவ்வாறு வேண்டிற்று. அதனால் அவர் பேனைக்கு எட்டாமற்போன ஒரு பகுதி உண்டு. அதனைக் காண நாம் குடாநாட்டை விட்டு வன்னிக்கு வர வேண்டும்.

1977 ஓகஸ்ட் வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த தமிழர் வவுனியாவைச் சூழ்ந்த பகுதிகளிற் பெருந்தொகையாகத் தஞ்சம் புகுந்தனர். அவர்களை நிலத்தில் அமர்த்தப் பாடுபட்ட அமைப்பு காந்தீயம். அதனை வழிநடத்தியோர் இருவர். ஒருவர் வவுனியாவில் மருத்துவம் புரிந்த டொக்டர் எஸ். இராஜசுந்தரம், மற்றவர் கரம்பொனிற் கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, வெளிநாடுகளிற் பணியாற்றித் திரும்பிய கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட். தம் சேமிப்பையும் வாழ்நாளையும் இப்பணிக்கு ஈந்த டேவிட், தேவாலயம் எதனையும் கட்டவில்லை. எவரையும் மதம் மாற்றவுமில்லை. கிணறு, விதைநெல், பாலர் பாடசாலை என்பனவே காந்தீயத்தின் வேதபாடங்கள். யாழ்ப்பாணத்தார் ‘தோட்டக்காட்டார்’ என்று இழித்துரைத்த மக்களோடு ஒரே திண்ணையில் அமர்ந்து உண்டதுதான் அவ்வியக்கத்தின் மிகப் பெரிய மீறல் என நாம் கூறத் துணிவோம். அரசாங்கத்திற்கு அது எல்லைப்புற நிலம் பற்றிய மீறலாகத் தோன்றியது. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதாயினர். ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். உயிர்தப்பிய டேவிட் செப்ரெம்பரில் மட்டக்களப்புச் சிறையுடைப்பின்போது வெளியேறி, நீண்டகாலம் தமிழ்நாட்டில் வாழ்ந்து, 2015இற் கிளிநொச்சியிற் காலமானார். காந்தீயம் குடியமர்த்திய பண்ணைகள் சிலவற்றிலிருந்து மக்கள் 1984இற் துரத்தப்பட்டு, கென்ற், டொலர் பண்ணைகளிற் சிங்களச் சிறைக்கைதிகள் குடும்பங்களோடு குடியேற்றப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகள் அங்கு புகுந்து அவர்களைக் கொன்றனர். ஒரு துண்டு நிலம் எழுபதுகளின் கருணையையும் எண்பதுகளின் கொடூரத்தையும் ஏழே ஆண்டுகளிற் கண்டுவிட்டது.

வன்னியை இவ்விடத்தில் இலட்சிய பூமியாக்கிவிடும் ஆபத்துண்டு. முகாமிற் சாதி கரைந்தது, குண்டு வீழ்கையில் வாங்குகள் சமமாயின என்று எழுதுவது எளிது, ஓரளவுக்கு உண்மையுங்கூட. போர் முடிந்தபின் காணி உறுதி எவரிடம் இருந்தது, எவரிடம் இருக்கவில்லை என்ற வினா எழுந்தபோது பழைய வரிசை திரும்பியது. மலையகத்திலிருந்து வந்தோர் பலர் தலைமுறைக் காலம் உழுத நிலத்திற்கும் உறுதியற்றவராயிருந்தனர். மதங்களுக்கிடையிலான உறவும் அவ்வாறே. 2016இல் வவுனியாவிற் ‘சிவசேனை’ என்ற பெயரில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. புதிய சபைகளின் மதமாற்ற முயற்சிகளைக் காரணங் காட்டி, தமிழரைச் சைவத் தமிழர் எனச் சுருக்கும் போக்கு அதன்பின் உரத்தது. மறுபுறத்தில், 2019 மார்ச் மாதம் மகா சிவராத்திரிக்கு முன்தினம், மாந்தையில் திருக்கேதீச்சரத்திற்குச் செல்லும் வழியில் அமைக்கப்பட்ட வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி வீழ்த்தினர். போர்த்துக்கேயராற் கோயில் இடிக்கப்பட்ட நினைவு தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் ஒரு தலத்தின் வழியில், நான்கு நூற்றாண்டுகளின் பின் அச்செயல் என்ன பொருள் தரும் என்பதை அவர்கள் அறியாதவர் அல்லர். ஏழு வாரங்களின் பின், ஏப்பிரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் குண்டுகள் வெடித்தன. பெரும்பான்மையோர் நடுவிற் சிறுபான்மையாக வாழும் அச்சத்தை நன்கறிந்த சமூகம், தான் பெரும்பான்மையாக உள்ள ஒரு சந்தியில் அவ்வச்சத்தைப் பிறர்க்கு வழங்கியதே இங்கு எமது விசாரணைக்குரியது. பந்தியின் வினா தேவாலயத்தின் உள்ளே மட்டும் கேட்கப்படுவதன்று. வீதிச் சந்தியிலும் கேட்கப்படுவது.

ஓமந்தைக்கு மேற்கே, காட்டின் நடுவே மடு உள்ளது. ஒல்லாந்தருக்கு அஞ்சிய கத்தோலிக்கர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துச் சென்று வைத்த இடம் அது. அகதிகளால் உருவான திருத்தலம். தமிழும் சிங்களமும் பேசுவோர் ஒரே ஆவணித் திருவிழாவிற் கூடும் இடமாக அது வளர்ந்தது. நீர்கொழும்பு, சிலாபம் கரைகளில் முன்னர் தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டிற் பாடசாலைவழி சிங்களத்திற்கு மாறியமையால், பாட்டியும் பேத்தியும் இரு மொழிகளில் ஒரே மாதாவை விளித்த காட்சியும் அங்கு உண்டு. இதனைக் கண்டு மகிழ்ந்து எழுதப்பட்ட கட்டுரைகள் பல. ஆனால் ஒரே மன்றாட்டைச் சொல்லிய உதடுகள் போரைப் பற்றி ஒரே சொல்லைச் சொல்லவில்லை. 1999 நவம்பரில் மடு ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் எறிகணை வீழ்ந்து கொல்லப்பட்டனர்; 2008 ஏப்பிரலிற் குருமார் திருச்சொரூபத்தை மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். மாதா இரண்டாம் முறையும் அகதியானார். தென்னிலங்கைத் திருச்சபையில் மாற்றுக் குரல்கள் இருந்தமையை மறைப்பது நேர்மையன்று. 1983 ஜூலையின் பின், குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க தம் மக்கள் சார்பில் வெட்கமுற்றுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என மேய்ப்புரையில் எழுதினார். அவ்வாண்டு ஒக்டோபரில் மறைந்தார். பௌத்த கிராமத்தவரிடையே வாழ்ந்த அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ 1987 நவம்பரிற் புத்தளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் தம் இனத்தின் பந்தியில் அமர்ந்துகொண்டே அப்பந்தியின் வரிசையைக் கேள்விக்குட்படுத்தியவர்கள்.

வன்னியில் இக்கேள்வி குருதியால் எழுதப்பட்டது. மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பரில் முருங்கன் பகுதியிலும், அருட்தந்தை மேரி பஸ்தியான் 1985 ஜனவரியில் வங்காலையிலும் கொல்லப்பட்டனர். பாக்கியரஞ்சித் அடிகளார் 2007 செப்ரெம்பரிலும், கருணாரட்ணம் அடிகளார் 2008 ஏப்பிரலிலும் கிளைமோர்த் தாக்குதல்களில் வீழ்ந்தனர். தியாகிகளின் பட்டியலைக் கொண்டு ஒரு நிறுவனத்தை மதிப்பிடும் வழக்கம் எமக்கு உடன்பாடானதன்று. அது அகராதிகளின் பட்டியலைக் கொண்டு மதிப்பிடுவதினின்று பெரிதும் வேறுபட்டதன்று. ஒரு நிகழ்வை மட்டும் அதன் உள்ளமைப்புக் கருதி எடுத்துக்கொள்வோம். 2009 மே 18ஆம் நாள், வட்டுவாகல் அருகே, சரணடைந்த விடுதலைப் புலிகளின் உறுப்பினரோடும் அவர்தம் குடும்பத்தினரோடும் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் இருந்தார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஆங்கிலம் அறிந்த முதியவர். சரணடைந்தோரின் பெயர்களைப் பட்டியலிட உதவியபின் அவரும் அதே பேருந்தில் ஏறினார் எனச் சாட்சியங்கள் கூறுகின்றன. அப்பேருந்திற் சென்றோர் திரும்பவில்லை; அவரும் திரும்பவில்லை. பேருந்தின் இருக்கையும் ஓர் ஆசனமே. எவரோடு அமர்வது என்பதை அவர் அங்குத் தெரிவு செய்தார். அவரோடு அமர்ந்தோருள் வன்செயல் புரிந்தோர் இருந்திருக்கலாம், அவர்தம் பச்சிளங் குழந்தைகளும் இருந்தனர். அவர் செயலை ஏற்பதா மறுப்பதா என்ற விவாதம் இவ்விரண்டையும் ஒருங்கே கணக்கிற் கொள்ள வேண்டும்.

கணக்கு என்ற சொல்லோடு எமது பொருளின் மையத்திற்கு வருகிறோம். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, ஆயர் இராயப்பு ஜோசப் ஒரு சமர்ப்பணத்தை முன்வைத்தார். வவுனியாவையும் உள்ளடக்கிய மன்னார் மறைமாவட்டத்தை 1992 முதல் வழிநடத்தி வந்தவர் அவர். 2008 ஒக்டோபரிற் கச்சேரிப் புள்ளிவிபரங்களின்படி வன்னியில் வாழ்ந்தோர் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கணக்குப்படி 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? சமர்ப்பணத்தின் உயிர்நிலை இக்கழித்தல். இதனை இறந்தோர் தொகை எனச் சிலர் மேற்கோள் காட்டுவது தவறு. அது விளக்கம் வேண்டி நிற்கும் ஒரு தொகை. எண்ணின் இலக்கணத்தில் அமைந்த ஒரு வினா.

இதனை ஓர் இலக்கியப் பிரதியாக வாசிப்பது வலிந்து பொருள் கொள்வதாகச் சிலருக்குத் தோன்றக்கூடும். எமக்கோ, ஈழத்துக் கிறித்தவ எழுத்தில் ‘கானலு’க்குப் பின் தோன்றிய மிக முக்கியமான பிரதிகளுள் இதுவும் ஒன்றெனப் படுகின்றது. அதன் நடை கச்சேரியின் நடை. உரிச்சொல் இல்லை, வேத வசனம் இல்லை. ஆயரின் ஆசனத்தினின்று எழுந்த அக்கூற்றிற் சமயமே இல்லைபோலத் தோன்றும். ஆனால் அதன் உள்ளே நூறு ஆடுகளுள் ஒன்று குறையக் கண்டு தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமை இயங்குவதை விவிலியம் அறிந்த வாசகர் காணத் தவறார். உவமையில் ஆட்டின் சாதி சொல்லப்படவில்லை. இக்கணக்கிலும் எஞ்சியோருட் கத்தோலிக்கர் எத்தனை, சைவர் எத்தனை, மலையகத்தவர் எத்தனை, ஆயுதம் ஏந்தியவர் எத்தனை என்ற பிரிப்பு இல்லை. பந்தி, எவரை அமர்த்துவது என்று கேட்கின்றது. எண்ணிக்கை, எவர் இன்னும் வந்து சேரவில்லை என்று கேட்கின்றது. முதலாவது வினாவில் இரு நூற்றாண்டுகளாகத் தடுமாறிய திருச்சபையின் ஓர் ஆயர், இரண்டாவது வினாவைப் பிசகின்றிக் கேட்டார். இவ்வளவு சுருங்கிய ஒரு வாக்குமூலத்தில் மக்கள் அனைவரும் ஒரே வரிசையில் நிற்பதை டானியல் வாசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. வன்னியின் வயல்களில் எவருக்கு உறுதி இல்லை என்பதையும் அக்கணக்கிற் சேர்க்கச் சொல்லியிருப்பார் போலும். அது நியாயமான கோரிக்கையே.

இரண்டாவது எண்ணாகிய 282,380 பெருமளவு ஓமந்தையிலேயே உருவாயிற்று. அவ்வாயிலில், இயக்கத்தில் ஒரு நாளேனும் இருந்தோர் பதிய வேண்டும் என அறிவிக்கப்பட்டதையும், பதியச் சென்ற கணவரையும் மக்களையும் பின்னர் காணவில்லை என்பதையும் பெண்கள் ஆணைக்குழு முன் கூறினர். அவர்களுட் பலர் 2017 பெப்ரவரியில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்தனர். கொட்டகையில் வாங்குகள் இல்லை, பாயே விரிக்கப்பட்டது. ஒரே சுவரிற் சிவனின் படமும் மாதாவின் படமும் காணாமற்போனோரின் படங்களோடு தொங்கின. குருமாரும் கன்னியரும் அங்கு வந்தனர், பிரசங்கிக்க அன்று, உடனிருக்க.

தெற்கின் திருச்சபைத் தலைமை இக்கணக்கைத் தன் கணக்காக ஏற்கவில்லை. 2012இல் ஜெனிவாவில் இலங்கை தொடர்பான தீர்மானம் வந்தபோது கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் அதனை எதிர்த்துக் கருத்துரைத்தார். உயிர்ப்பு ஞாயிறுத் தாக்குதலின் உண்மை உள்நாட்டில் வெளிவராது என்ற முடிவுக்கு வந்தபின், 2022 மார்ச்சில் அவரே ஜெனிவாவின் மனித உரிமைகள் பேரவைக்குச் சென்று நீதி கோரினார். அம்மாற்றத்தை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. கட்டுவாப்பிட்டித் தாயின் கண்ணீர் முள்ளிவாய்க்கால் தாயின் கண்ணீரினும் குறைந்ததன்று. ஆனால் அப்பத்தாண்டு இடைவெளியில், ஒரே அப்பத்தைப் பகிர்வோர் எவர் துயரைத் தம் துயராக எண்ணினர் என்பது சமய சமூகவியலாளர் ஆராய வேண்டிய பொருள். ஜெனிவாவில் அவர் பேசியபோது மன்னாரின் ஆயர் உயிரோடில்லை. 2016இல் ஓய்வுபெற்ற அவர், 2021 ஏப்பிரல் 1ஆம் நாள், பெரிய வியாழனன்று காலமானார். அவர் கேட்ட 146,679 பேர் பற்றிய வினாவிற்கு, கேட்டவர்கள் ஏற்கத்தக்க விடை எதுவும் அவர் வாழ்நாளில் வரவில்லை.